எழுத்தில்லாத பாதாளம்

ஆடி 4, செவ்வாய்

மாப்பிள்ளை அவருடைய ஆபீஸ் டைரி ஒன்றைக் கொடுத்தார். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் என்னமோ அச்சடித்திருக்கிறது. அது பாட்டுக்கு இருக்கட்டும். நான் நாள்காட்டியைப் பார்த்து என் தேதியை என் கையாலேயே போட்டுக்கொள்கிறேன்.

இன்று நடந்ததை ஆளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். அதனால்தான் எழுதி வைக்கிறேன். நடந்தது இதுதான்.

கேட்டுக்கு வெளியே தள்ளுவண்டியில் அரைக்கீரை வாங்கிக்கொண்டு வந்தேன். லிஃப்டில் ஏறி நாலை அமுக்கினேன். இறங்கியதும் இடது கைப் பக்கம் கதவு. பெல்லை அடித்தேன். நைட்டி போட்ட ஒருத்தி திறந்தாள். சுகந்தி புது வேலைக்காரி வைத்திருக்கிறாள் போல என்று நினைத்து, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். சோபாவில் ஒரு பெரியவர் பனியனோடு உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க யாருங்க எங்க ஊட்டுல?" என்று கேட்டேன்.

கேட்டது தப்பா? நம் வீட்டில் முன்பின் தெரியாத ஆம்பளை பனியனோடு உட்கார்ந்திருந்தால் கேட்காமல் பலகாரமா கொடுப்பார்கள்? அந்த மனுஷன் தைலப் புட்டியோடு எழுந்து நின்றுவிட்டார். அந்தப் பெண் வாட்ச்மேனுக்குப் போன் போட்டாள். அவன் வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். கையைப் பிடித்து! சந்தையில் கயிறு அறுத்துக்கொண்டு ஓடின மாட்டை ஓட்டிவருவது போல.

"அம்மா, இது மூணாவது தடவை," என்றாள் என் மகள் சுகந்தி.

"ஒரே அச்சுல இருபது பொட்டிய அடுக்கி வெச்சா எவளுக்குத்தான் அடையாளம் தெரியும்? கட்டுனவனுக்கு அவ்வளவுதான் அறிவு."

"ஒவ்வொரு வாசல்லயும் இத்தாம் பெருசா எழுதியிருக்குதில்லம்மா?"

எனக்குக் கீரை ஆய வேண்டியிருந்தது.

ஆடி 5, புதன்

என்னிடம் இருந்த வீட்டுச் சாவியைச் சுகந்தி வாங்கி வைத்துக்கொண்டாள். இனி நான் தனியாக வாசல் தாண்டக் கூடாதாம். அவளும் மாப்பிள்ளையும் சமையலறையில் இங்கிலீஷில் பேசிக்கொண்டார்கள். 'மெமரி', 'டாக்டர்' என்ற இரண்டும் என் காதில் விழுந்தன. இந்த இரண்டு சொல்லும் எங்கள் ஊர் கோபிச்செட்டிபாளையத்திலும் உண்டு.

எனக்கு மறதியாம். எனக்கு! சுகந்தியின் சீர் வரிசையில் யார் என்ன வைத்தார்கள் என்று இப்போது கேட்டாலும் சொல்லுவேன்.

ஆடி 7, வெள்ளி

ஆடி வெள்ளி. இந்த அடுக்குமாடிக்குள்ளேயே பிள்ளையார் கோயில் இருக்கிறது. போகவில்லை. கூட்டிப்போக ஆள் இல்லை. பிள்ளையாரும் என்ன ஏது என்று வந்து கேட்கவில்லை.

ஆடி 9, ஞாயிறு

பேத்தி மிருதுளா காலேஜில் இரண்டாம் வருஷம். ஞாயிறு மத்தியானம் அவளுடைய கூட்டாளிகள் வந்து சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள். சீட்டாட்டம் என்று நினைத்து நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். இன்று எனக்குத்தான் போக்கிடம் இல்லையே. போய் உட்கார்ந்தேன்.

சீட்டு இல்லை, கதை. மிருதுளா கதையை நடத்துகிறாள். மற்றவர்கள் கதைக்குள் நடமாடுகிற ஆட்கள். ஆதில் என்கிற பையன் போர்வீரன். ஜெஸ்லின் என்கிற பெண் மந்திரக்காரி. பாழடைந்த கோட்டைக்கு அடியில் ஒரு பாதாளம். அதற்குள் இறங்கி, வழியில் வருகிற பூதங்களைச் சமாளித்து, புதையலை எடுத்துக்கொண்டு உயிரோடு மேலே வர வேண்டும். "கதவை உடைக்கிறேன்" என்று ஆதில் சொன்னால் போதாது. இருபது முகம் வைத்த ஒரு பகடையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் கதவு உடையும், சின்ன எண் விழுந்தால் தோள் உடையும்.

நாலாவதாக ஒருவன் விளையாடிக்கொண்டிருந்தானாம். படிக்க வெளிநாடு போய்விட்டான்.

"அமுச்சி, அவன் எடத்துல நீங்க வர்றீங்களா?" என்றாள் மிருதுளா.

"அது என்ன பாட்டி, அமுச்சி?" என்று ஜெஸ்லின் என்னைக் கேட்டாள்.

"அம்மாவப் பெத்தவ. பாட்டீன்னா ரோட்டுல போற எல்லாரும் பாட்டிதான்," என்றேன். அதோடு அவளும் அமுச்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

அந்த நாலாவது ஆளின் வேஷம் என்ன தெரியுமா? திருடி. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எங்க வம்சத்துல எவளும் அடுத்த ஊட்டு முருங்கைக்காய் கூடப் பறிச்சதில்ல. நான் திருடியா?" என்று எழுந்துவிட்டேன்.

"அமுச்சி, திருடிதான் முன்னாடி போவா. பொறி எங்க இருக்குது, ரகசியக் கதவு எங்க இருக்குதுன்னு கண்டுபிடிக்கறது அவதான். அவ இல்லீன்னா இவங்க ரெண்டு பேரும் மொத ரூம்லயே காலி."

முன்னால் போகிறவள் என்றால் சரி. உட்கார்ந்தேன்.

அப்போதுதான் மேஜையில் ஒரு தாளை விரித்தாள். பாதாளத்தின் படம். கறுப்பு மையில், கட்டம் போட்ட தரை. ஓரமெல்லாம் கோடு கோடாகக் கீறினால் அது பாறை. சின்னப் பெட்டி கதவு. ஒன்றன் கீழ் ஒன்றாக நெருங்கிய கோடுகள் படிக்கட்டு. வட்டம் போட்டு நடுவில் கறுப்படித்தால் கிணறு. அவ்வளவுதான். ஓர் எழுத்து கிடையாது. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விளங்கிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்து இத்தனை மாதத்தில் பார்த்தவுடன் விளங்கிய முதல் காகிதம் இதுதான்.

பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு அறைக்கு நடுவில் சுவர் ஓர் ஆள் படுக்கிற அகலத்துக்கு இருந்தது.

"இந்தச் செவுரு ஏன் கண்ணு இத்தன கனம்? எந்த மேஸ்திரியும் இப்படிக் கட்டமாட்டான். உள்ள என்னமோ இருக்குது."

மிருதுளா படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அங்கே எதையும் அவள் வைக்கவில்லை என்று அந்த முகமே சொன்னது. ஆனாலும், "பகடை உருட்டுங்க அமுச்சி," என்றாள். பதினெட்டு விழுந்தது. சுவர் நகர்ந்தது. உள்ளே ஒரு அறை, அறைக்குள் ஓர் எலும்புக்கூடு, அதன் மடியில் ஒரு வாள்! ஆதில் எழுந்து நின்று எனக்குக் கும்பிடு போட்டான்.

ஆடி 12, புதன்

சுகந்தி வேலைக்குப் போன பிறகு மிருதுளா அடுத்த வாரத்துக்குப் படம் தேடினாள். கம்ப்யூட்டரில் எவ்வளவு படங்கள்! குகை, கோபுரம், சாக்கடைச் சுரங்கம், மூழ்கிய கோயில். யாரோ வரைந்து, எடுத்துக்கொள்ளுங்கள் என்று பொதுவில் போட்டிருக்கிறார்கள்.

"காசு?"

"வேண்டாமாம் அமுச்சி. வரைஞ்சவர் பேர மட்டும் சொன்னாப் போதுமாம்."

சித்திரை வெயிலில் தண்ணீர்ப் பந்தல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள் இல்லையா, அந்த ஜாதி மனுஷன். யார் குடித்தார்கள் என்று கணக்குப் பார்க்காதவன்.

"எனக்குக் கதை வரும், படம் வராது. இது இல்லீன்னா ஒரு வாரம் பூரா கோடு போட்டுட்டே உக்காந்திருப்பேன். கதைய யோசிக்கவே நேரம் இருக்காது," என்றாள். படத்தைத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினாள். போன வாரத்துக் குகையே வேறு குகையாகிவிட்டது! இரண்டு படத்தைக் கத்தரித்து ஒட்டினாள், பாதாளத்துக்கு அடியில் இன்னொரு பாதாளம். நான் பார்க்கிற அவசரத்தில் ஒன்றின் மேல் காப்பியைக் கொட்டிவிட்டேன். பதறினேன். அவள் சிரித்துக்கொண்டு இன்னொன்றை அச்செடுத்தாள். காப்பிக் கறை பட்டதையும் எறியவில்லை. "இது விஷக் குளம்," என்று எடுத்து வைத்துக்கொண்டாள்.

அறைகளுக்கு நானே பேர் வைத்தேன். வௌவால் அறை, சந்தனம் அரைக்கிற அறை, மாமியார் அறை. பேரில்லாத அறையென்றால் நம் இஷ்டத்துக்குப் பேர் வைக்கலாம், யாரும் கேட்க முடியாது.

சாயங்காலம் சுகந்தி வந்து, ஆடி 24ஆம் தேதி திங்கட்கிழமை டாக்டரிடம் நேரம் வாங்கியிருப்பதாகச் சொன்னாள். ஞாபக சக்திக்கான டாக்டர். அவர் சொல்வதை வைத்துத்தான் சாவியைப் பற்றி முடிவாம்.

ஆடி 16, ஞாயிறு

என் வயிறு இன்னும் எரிகிறது.

ஆதில் ஒரு படம் கொண்டுவந்தான். காசு கொடுத்து வாங்கியதாம். பளபளவென்று பாய் மாதிரி மேஜை முழுக்க விரிந்தது. ரத்தம் சிவப்பாக, தண்ணீர் நீலமாக, தீப்பந்தம் நிஜமாக எரிவது போல. மறுப்பதற்கில்லை, அழகுதான்.

"எத்தனை நாளைக்குத்தான் ஓசி மேப்லயே விளையாடறது? இதுல எல்லாம் அவனே எழுதிட்டான் பாரு. எந்த ரூம்ல என்னன்னு யோசிக்கவே வேணாம்," என்றான்.

எழுதித்தான் இருந்தது. அறைக்கு அறை, கதவுக்குக் கதவு இங்கிலீஷ் எழுத்து.

பாதி ஆட்டத்தில் எல்லோரும் ஒரு நடையில் நின்றோம். மிருதுளா சொன்னாள்: "அமுச்சி, கதையில வந்த அந்தக் கெழவன் சொன்னது ஞாபகம் இருக்குதில்ல? பி போட்ட கதவுதான் பத்திரம். டி போட்டதத் தொடக் கூடாது."

நான் திருடிக்கென்று வைத்த என் பொம்மையை எடுத்து ஒரு கதவின் முன்னால் வைத்தேன். எந்தத் தயக்கமும் காட்டாமல், நேராக வைத்தேன்.

"ஐயோ அமுச்சி! அது டி!" என்றாள் ஜெஸ்லின். பகடையைப் போட்டார்கள். தரை திறந்தது. திருடி குழிக்குள் விழுந்தாள். போர்வீரனும் அவள் பின்னாலேயே விழுந்தான்.

"இப்பத்தான் சொன்னா, அதுக்குள்ள மறந்துட்டீங்களா?" என்று ஆதில் சிரித்தான். கெட்ட எண்ணத்தில் இல்லை, விளையாட்டுக்குத்தான். ஆனால் சுகந்தி ஈரத் துணியோடு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் திரும்பி மாப்பிள்ளையைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

விடுவேனா நான்? "ஓசின்னா உனக்குக் கேவலமாப் போச்சாடா? கோயில்ல சோறு போடறாங்களே, அதையும் ஓசிச் சோறும்பியா? காசு குடுத்து வாங்குன படம் உன்ன யோசிக்க உட்டுச்சா? அவனே கதவு வெச்சு, அவனே பேரு வெச்சு, அவனே பூதத்த உக்கார வெச்சிட்டான். அப்பறம் நீ எதுக்கு, என்ற பேத்தி எதுக்கு? அந்த ஓசிப் படத்துல என்ற கண்ணுக்குத் தெரிஞ்ச ரகசிய அறை இதுல எங்கடா?" என்று கேட்டேன். பயலுக்கு முகம் சுண்டிப்போயிற்று. நான் எழுந்து என் அறைக்குப் போய்விட்டேன்.

நான் சொன்னதில் ஒன்றும் பொய் இல்லை. ஓசிப் படம்தான் உசத்தி. என் கோபம் அதற்காகத்தான்.

ஆடி 18, செவ்வாய்

மிருதுளா என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அமுச்சி, நம்ம பிளாக் எது?"

"பி. என்ன, நீயும் டாக்டருக்குப் படிக்கறயா?"

"எழுதிக் காட்டுங்க."

'பி' என்று எழுதிக் காட்டினேன். கோணல் மாணல் இல்லாத கையெழுத்து என்னுடையது.

அதன் பக்கத்தில் அவள் இரண்டு இங்கிலீஷ் எழுத்துகளை எழுதினாள். இரண்டும் வெவ்வேறு வடிவம். "அமுச்சி, இதுவும் பிதான், இதுவும் பிதான். ஒண்ணு கொஞ்சம் அழுத்திச் சொல்லோணும். நம்ம வாசல்ல இருக்கறது இது. நீங்க மூணு தடவையும் போனது இன்னொரு பி. குளத்துக்கு அந்தப் பக்கம். இதே மாதிரி டியும் ரெண்டு இருக்குது. யாராச்சும் வழி சொன்னாலும் பொதுவா 'பி'ன்னுதான் சொல்லுவாங்க."

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. ஒரே சத்தத்துக்கு எதற்கு இரண்டு எழுத்து? தமிழில் ஒரு 'ப'வை வைத்துக்கொண்டு பலாவும் சொல்கிறோம், கம்பும் சொல்கிறோம், யார் வழி தவறினார்கள்? இருபது கட்டடத்துக்குப் பேர் வைக்க வேண்டுமென்றால் மல்லிகை, முல்லை என்று வைக்க நாட்டில் பூவா இல்லை?

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஞாயித்துக்கெழம அந்தக் கதவு... எழுத்துத் தெரியாமத்தான வெச்சீங்க?"

எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பில்தான் ஏ பி சி டி. நான் ஐந்தோடு நின்றேன். ஒரு வகுப்பு. ஒரே ஒரு வகுப்பு.

"நான் அம்மாகிட்டச் சொல்லிடறேன் அமுச்சி. டாக்டரே வேண்டாம்."

"சொன்னயின்னா இந்த ஊட்டுச் சோத்துல கை வெக்க மாட்டேன்."

கோபியில் எங்கள் தெருவே காலையில் என் வாசலுக்கு வரும். பேப்பரை நான்தான் வாசித்துச் சொல்லுவேன். தாலுகா ஆபீஸ் கடிதாசி வந்தால் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். 'படிச்ச நாச்சம்மா' என்றுதான் எனக்குப் பேர். அந்தப் பேரோடு இந்த வீட்டுக்கு வந்தவள், எழுத்துத் தெரியாதவள் என்று என் மருமகன் முன்னால் நிற்பதா? மறதிக்காரி என்றே இருக்கட்டும். அது வியாதி. வியாதிக்கு யாரும் வெட்கப்பட வேண்டியதில்லை.

மிருதுளா சத்தியம் பண்ணிவிட்டுப் போனாள்.

ஆடி 20, வியாழன்

ஜன்னல் வழியாகக் கீரை வண்டியைப் பார்த்தேன். சத்தம் போட்டுக் கூப்பிட்டாலும் நாலாம் மாடியிலிருந்து கேட்காது.

ஆடி 23, ஞாயிறு

ஆதில் அந்தப் பளபளப்புப் படத்தைக் கொண்டுவரவில்லை. பழைய கறுப்பு வெள்ளைத் தாள்களையே விரித்தார்கள். எங்கள் மூழ்கிய கோயிலுக்குள் இறங்கி முதல் படிதான் வைத்திருப்போம், சுகந்தி வந்தாள்.

"போதும் மிருது, எடுத்து வை. நாளைக்கு டாக்டரப் பாக்கோணும். ஏற்கெனவே அம்மாவுக்கு மண்டையில ஒண்ணும் நிக்கறதில்ல. இதுல நீ பூதம், பாதாளம்னு இன்னும் கொழப்பற."

"அம்மா, அமுச்சிக்கு ஒண்ணும்..." என்று ஆரம்பித்த மிருதுளா என்னைப் பார்த்து வாயை மூடிக்கொண்டாள்.

"என்ன ஒண்ணும்? போன வாரம் நானே பாத்தேன். சொல்லி வாய மூடறதுக்குள்ள மறந்து போச்சு. எல்லாம் உன்னாலதான். எவனோ ஓசில குடுத்த குப்பைய வெச்சுட்டு வயசானவள..." என்று தாள்களை வாரிச் சுருட்டினாள். சுருட்டின சுருட்டில் மாமியார் அறை கிழிந்தது.

மிருதுளாவின் கண் நிறைந்துவிட்டது. அப்போதும் அவள் சொல்லவில்லை. ஒரு வார்த்தை சொன்னால் திட்டு நின்றுவிடும். எனக்குக் கொடுத்த சத்தியத்துக்காகக் கூட்டாளிகள் முன்னால் குனிந்து நின்று திட்டு வாங்குகிறாள் அந்தக் குழந்தை. நான் வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

"நிறுத்து சுகந்தி! மறந்து போச்சு, மறந்து போச்சுங்கறயே, மறக்கறதுக்கு மொதல்ல தெரிஞ்சிருக்கோணும்! எனக்கு அந்த எழுத்தே தெரியாது. இங்கிலீசுல ஒரு எழுத்துத் தெரியாது எனக்கு. வாசல்ல எழுதியிருக்கறதும் தெரியாது, அந்தப் பையன் கொண்டாந்த படத்துல இருந்ததும் தெரியாது. தெரியாததுக்குப் பேரு மறதியா?"

மாப்பிள்ளை டீவியின் சத்தத்தைக் குறைத்தார். ஆதில் தன் பகடையையே பார்த்துக்கொண்டிருந்தான். வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை என்றதும் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாகத்தான் ஆயிற்று.

"அம்மா..." என்றாள் சுகந்தி. "என்ற ரேங்க் கார்டெல்லாம் பாத்துப் பாத்துக் கையெழுத்துப் போடுவியே?"

"மார்க்கு நம்பர்லதான இருந்துச்சு? நம்பர் எனக்குத் தெரியும். கணக்குல நீ நாப்பத்தொண்ணு வாங்குனதும் தெரியும்."

ஜெஸ்லின்தான் முதலில் சிரித்தாள். அப்புறம் சுகந்தி. சிரித்துக்கொண்டே கசங்கின தாள்களை மேஜையில் வைத்து உள்ளங்கையால் நீவி நீவிச் சமப்படுத்தினாள். கிழிந்த அறையை ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டு போனவள் வெகுநேரம் வரவில்லை.

ஆடி 24, திங்கள்

டாக்டரிடம் வேண்டாம் என்றாள் சுகந்தி. "ஏன் வேண்டாம்? எனக்கென்ன பயமா?" என்று நான்தான் கிளம்பினேன். இன்றைக்கு என்ன நாள் என்று கேட்டார். கிழமை, தேதி, திதி, ராகு காலம் நாலும் சொன்னேன். வயசுக்கு நன்றாகவே இருக்கிறேன் என்றார். வயசுக்கு என்று எதற்குச் சேர்க்க வேண்டும்?

சாவி இன்னும் வரவில்லை. "மறதி இல்லீன்னு தெரிஞ்சுது. ஆனா வழி தெரியோணுமில்லம்மா?" என்கிறாள்.

ஆடி 26, புதன்

சுகந்தி இரட்டைக்கோடு நோட்டு வாங்கிவந்தாள். எனக்கு ஏ பி சி டி சொல்லித் தரப் போகிறாளாம். ஆகட்டும், பார்க்கலாம் என்றேன். அது பாட்டுக்கு அது நடக்கட்டும். மார்கழி வரைக்கும் எழுத்துக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குள் உட்கார நான் தயாரில்லை.

மிருதுளாவைக் கூப்பிட்டேன். "அந்தப் படம் வரைஞ்ச புண்ணியவான் வெறும் கட்டம் போட்ட தாளும் குடுத்திருக்கறான்னு சொன்னயே, அதுல ஒண்ணு அச்செடு. இந்த இருபது பொட்டியும் ஒரு பாதாளந்தான். திருடி முன்னாடி போறா, நீ பின்னாடி வா."

ஆடி 29, சனி

மூன்று சாயங்காலம் சுற்றினோம். நான் நடக்க, அவள் கோடு போட்டாள். அந்தப் படத்துக்காரன் பாறைக்குக் கீறுகிற மாதிரியே காம்பவுண்டுச் சுவருக்குக் கீறினோம். நீச்சல் குளத்துக்குக் கிணற்று வட்டம். எங்கள் வாசல் துளசித் தொட்டி வாசல். அந்த இன்னொரு பி, தைலக்காரர் வாசல். பேர் எல்லாம் என் வாய்க்குள்தான். தாளில் ஓர் எழுத்தும் எழுத விடவில்லை.

தைலக்காரர் எதிரே வந்தார். என்னைக் கண்டதும் லிஃப்டுக்குள் பாய்ந்தார். நான் பின்னாலேயே போய், "ஏனுங்க, அன்னைக்கு நான் வந்தது உங்க ஊடுதானுங்க, என்ற ஊடு இல்லீங்க," என்று படத்தைக் காட்டி விளக்கினேன். அவர் விழுப்புரத்துக்காரர், அவரும் மகன் வீட்டுக்கு வந்தவர். படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எனக்கு ஒண்ணு கிடைக்குமாம்மா? வாக்கிங் போனா திரும்பி வர்றதுக்குள்ள..." என்று மீதியை முழுங்கினார். அட, நான் மட்டும் இல்லை!

அச்செடுத்த படத்தில் ஒரு கட்டை வாட்ச்மேன் கூண்டில் வைக்கச் சொல்லிவிட்டேன். "குடியிருப்போர் சங்கத்துல அனுமதி கேக்கோணுமே அத்தை," என்றார் மாப்பிள்ளை. "வழி காட்டறதுக்கு என்னங்க மாப்பிள்ளை அனுமதி?" என்றேன். விலை உண்டா என்று வாட்ச்மேன் கேட்டான். அவனுக்கும் தண்ணீர்ப் பந்தல் கதை சொல்ல வேண்டியிருந்தது.

ஆடி 30, ஞாயிறு

ஆட்டம் ஆரம்பிக்கும் முன் சுகந்தி சாவியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தாள். மூழ்கிய கோயிலின் வாசலில் சரியாக வைத்தாள். நான் நன்றி சொல்லவில்லை. என் சாவிக்கு நான் எதற்கு நன்றி சொல்ல வேண்டும்?

ஆடி 31, திங்கள்

சாயங்காலம் தனியாகக் கிளம்பினேன். தனியாகத் திரும்பி வந்தேன். நடுவில் எங்கே போனேன், யாரைப் பார்த்தேன் என்று சுகந்தியும் கேட்டாள், மிருதுளாவும் கேட்டாள். சொல்லவில்லை. இங்கேயும் எழுதப் போவதில்லை.